அம்சம் பெயிண்ட் அடித்த நாற்காலி

அம்சம் கையில் பெயிண்ட் டப்பாவோடு தெருவில் இறங்கினால் நின்ற இடத்தில் நிற்கக் கூடாது என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. நின்றால் நம் மேலும் இரண்டு இழுப்பு இழுத்துவிடுவாள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஐந்தாறு கல் தள்ளி இருக்கும் ஊர். அம்சத்தின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்வதில்லை. "கண்ணு கூசுற எடத்துல வண்டிய நிறுத்துங்க" என்பார்கள்.

கதவு, ஜன்னல், டிரங்குப் பெட்டி, கோழிக் கூண்டு, வாசல் தென்னையில் ஆள் உயரம் வரை, எல்லாம் அவள் கைப்பட்டவைதான். ஒரு தடவை கேஸ் சிலிண்டருக்கு ரோஸ் கலர் அடித்துவிட்டாள். காலி சிலிண்டரை எடுக்க வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது எங்க கம்பெனி இல்லியேம்மா" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மண்ணெண்ணெயும் கந்தைத் துணியுமாக மூன்று நாள் தேய்த்த பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதோடு திருந்தினாளா என்றால் அதுதான் இல்லை. சிலிண்டரை விட்டுவிட்டு, அதை வைக்கும் பலகைக்கு அடித்தாள்.

இந்த வியாதி எங்கிருந்து தொற்றியது என்று கேட்டால் மாட்டுக் கொம்பிலிருந்து என்பாள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒரு ஜோடி மாட்டுக்கு நாலு கொம்பு. நாலு கொம்பும் சேர்ந்து எவ்வளவுதான் குடிக்கும்? டப்பாவில் முக்கால்வாசி மிஞ்சும். மூடி வைத்தால் அடுத்த பொங்கலுக்குள் பாறையாய் இறுகிவிடும்.

"காசு குடுத்து வாங்குனத குப்பையில கொட்டச் சொல்றியா?" என்பாள் அம்சம். சிக்கனமான பொம்பளை என்று ஊரும் ஒத்துக்கொண்டது.

ஊருக்கு அவ்வளவுதான் தெரியும். உண்மைக் காரணம் வேறு. அது அம்சத்தின் நெஞ்சுக்குள் இருபத்தேழு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அந்தக் காரணத்துக்கு நாலு கால், இரண்டு நீளக் கை, சாய்ந்த முதுகு.

ஊரின் நடுவே இருந்த பண்ணை வீட்டின் சாய்வு நாற்காலிதான் அது. நாற்காலிக் கையை முன்னால் இழுத்து நீட்டி, அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். பெரிய பண்ணையார் காலையில் அதில் சாய்ந்தால் வெயில் ஏறும் வரை எழுந்திருக்க மாட்டார். ரோஸ்வுட் என்று ஊரே சொல்லும். கறுப்பும் சிவப்புமாய் முகம் தெரிகிற பளபளப்பு. அம்சத்தின் புருஷன் சாமிதுரை அந்தப் பண்ணையில்தான் மாடு மேய்த்து, ஏர் பிடித்து, ஆளானவர். அவருடைய அப்பாவும் அங்கேதான். இரண்டு தலைமுறை அந்த நாற்காலிக்கு எதிரே கைகட்டி நின்றிருக்கிறது.

பண்ணையார் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் பட்டணத்துக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். நிலம் கைமாறியது, வீட்டைப் பூட்டினார்கள். பூட்டுவதற்கு முன்னால் தட்டுமுட்டுச் சாமான்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பாத்திரத்துக்கும் பலகைக்கும் ஊர் அடித்துக்கொண்டபோது சாமிதுரை இரண்டு மூட்டை நெல்லை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். பிரம்பு கிழிந்து தொங்கியது. அதனால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது.

அம்சத்துக்குப் பெருமை தாங்கவில்லை. துடைத்து வைத்தாள். "ஏங்க, உக்காருங்க" என்றாள்.

"பிரம்பு கிழிஞ்சிருக்குல்ல" என்றார் சாமிதுரை.

அம்சம் பட்டுக்கோட்டை சந்தையிலிருந்து நைலான் ஒயர் வாங்கி வந்து, கூடை பின்னுகிற பின்னலில் பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிப் போட்டாள். இப்போது உட்காரலாமே. "வயல்லேர்ந்து வந்திருக்கேன், சேறா இருக்கு" என்றார். குளித்துவிட்டு வந்த பிறகு கேட்டால், "பசிக்குது" என்றார். மார்கழி பிறந்து பாதி ஓடிவிட்டது. மனுஷர் உட்காரவில்லை. நாற்காலியைக் கடந்து போகும்போது தன்னை அறியாமல் நடையை மெதுவாக்கினார். சோறு தின்னும்போது அதற்கு முதுகைக் காட்டாமல் தள்ளி உட்கார்ந்தார். அம்சம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். செத்துச் சாம்பலான மனுஷன் இன்னும் அதில் சாய்ந்துகொண்டு தன் புருஷனை நிறுத்தி வைத்திருக்கிறானே என்று ஆத்திரம் வந்தது. ஆனால் ஒரு ஆம்பிளையிடம் போய், "ஏன் பயப்படுறீங்க" என்று எப்படிக் கேட்பது?

கேட்கவில்லை. பொங்கல் கழிந்ததும் திருத்துறைப்பூண்டிக்குப் போய் ஒரு டப்பா நீலப் பெயிண்ட் வாங்கினாள். அந்த வருஷம் அவர்களிடம் மாடே இல்லை. அதனால் பக்கத்து வீட்டு முருகையன் மாட்டுக்கு அடித்து மிஞ்சியது என்று ஒரு பொய்யைத் தயார் செய்தாள். சாமிதுரை களத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து நாற்காலியைத் தலை முதல் கால் வரை நீலமாக்கினாள். நாற்காலிக்கு மட்டும் அடித்தால் சந்தேகம் வருமே! ஜன்னலுக்கு அடித்தாள், கதவுக்கு அடித்தாள், அரிசிப் பெட்டிக்கு அடித்தாள்.

சாமிதுரை வந்து பார்த்தார். அந்த ரோஸ்வுட்டைக் காணோம். காத்தவராயன் கூத்தில் வருகிற சிம்மாசனம் மாதிரி ஒன்று பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

"என்ன புள்ள இது, கண்றாவி?"

"முருகையன் வீட்டுல மிஞ்சுச்சுங்க. வீணாப் போவுதேன்னு அடிச்சேன்."

சாமிதுரை தலையில் அடித்துக்கொண்டார், சிரித்தார். பெயிண்ட் காய்ந்த மறுநாள் அதில் உட்கார்ந்தார். காலைத் தூக்கிக் கை மேல் போட்டுக்கொண்டு டீ கேட்டார். அம்சம் அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். புகை என்று சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் மாடு வந்தது, கொம்பு வந்தது, நிஜமாகவே பெயிண்ட் மிஞ்சியது. மாட்டை விற்று டிராக்டருக்கு மாறிய பிறகும் பொங்கல் வந்தால் அம்சத்தின் கை அரிக்கும். வருஷத்துக்கு ஒரு பூச்சு, ஒவ்வொரு வருஷமும் ஒரு கலர். பொய்யை மறைக்கப் பிடித்த பிரஷ் பழகிப் பழகிச் சந்தோஷமாகவே ஆகிவிட்டது. இந்தப் பொங்கலுக்கு நாற்காலி கிளிப்பச்சை. வாசல் தகரக் கொட்டகையில், காலுக்கு ரப்பர் குப்பி மாட்டிக்கொண்டு, ஜம்மென்று நின்றது. சாமிதுரைக்கு அறுபத்தேழு வயது. சாயங்காலம் அதில் சாய்ந்து ரேடியோ கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

மாசி மாதம், அறுப்பெல்லாம் முடிந்து உளுந்து தலைகாட்டுகிற சமயத்தில், தியாகராசன் வந்தார். பெரிய பண்ணையாரின் பேரன். துபாயில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். பண்ணை வீட்டைப் பழுது பார்த்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற மாதிரி ஹோம்ஸ்டே ஆக்கப்போகிறாராம். ஓட்டல் அறை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கிறதாம், இங்கே அந்தக் காலத்து வீடு, அந்தக் காலத்துச் சாமான் என்று காட்டினால் கூட்டம் அள்ளுமாம்.

நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், கொடுத்த மோரைக் குடித்தார். "அண்ணே, அக்கா" என்றுதான் பேசினார். ஆனால் சாமிதுரை அவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வாங்கய்யா" என்றார். நாற்பது வயதுப் பையனுக்கு ஐயாவா என்று அம்சத்துக்கு எரிச்சல் வந்தது.

"உக்காருங்க தம்பி" என்று அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தியாகராசன் செல்போனில் ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். தாத்தா சாய்வு நாற்காலியில் இருக்கிறார். "இந்த நாற்காலி உங்க வீட்டுல இருக்குன்னு சொன்னாங்க அண்ணே. அத நான் நல்ல வெலைக்கே வாங்கிக்கிறேன். எங்க வச்சிருக்கீங்க?"

சாமிதுரை கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். தியாகராசன் கிளிப்பச்சையைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். மறுபடியும் கிளிப்பச்சையைப் பார்த்தார். மோர் புரையேறிவிட்டது.

மறுநாளே தஞ்சாவூரிலிருந்து கமருன்னிஸாவைக் கூட்டி வந்தார். கீழவாசல் பக்கம் பழைய மரச்சாமான் வாங்கி விற்கிற கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது இருக்கும். குட்டியானை வண்டியில் முன்சீட்டிலிருந்து இறங்கும்போதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். நாற்காலியைச் சுற்றி வந்தார், அடியில் குனிந்தார். ஒயர் பின்னலை விரலால் தட்டினார். கடைசியில் நெற்றியில் கை வைத்தார்.

"யாருக்கா இத அடிச்சது?"

"நான்தான்" என்றாள் அம்சம் பெருமையாக. "வருஷா வருஷம் அடிச்சிருவேன். ஒரு பூச்சி அண்டாது."

"பூச்சி மட்டுமா? எந்த ஏவாரியும் அண்ட மாட்டான். ரோஸ்வுட்டு, பழைய பாலிஷோட, கிழிஞ்ச பிரம்போட அப்படியே வச்சிருந்தீங்கன்னா ரெண்டு லட்சம் போயிருக்கும்."

அம்சத்தின் மகள் செம்மொழி அன்று லீவில் வந்திருந்தாள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள்தான் முதலில் வாயைப் பிளந்தாள். "ரெண்டு லட்சமா!"

"அழுக்கா இருந்துச்சேம்மா" என்றாள் அம்சம். "புதுசு மாதிரி இருந்தா வெலை கூடத்தான செய்யும்? வீடுன்னாலும் வெள்ளையடிச்சுத்தான விக்கிறோம்?"

"அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க" என்று கமருன்னிஸா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்லிச் சொல்லிப் பழகிய பாடம் போலிருக்கிறது. "பழைய சாமானுக்கு வெலை மரத்துல இல்லக்கா, தோல்ல இருக்கு. எத்தனையோ வருஷம் கை பட்டு, எண்ணெ பட்டு, வேர்வ பட்டு ஒரு மினுக்கு வரும் பாருங்க, அது எந்தக் கடையிலயும் கெடைக்காது. தேச்சு எடுத்துட்டு புதுசா பாலிஷ் போட்டீங்கன்னா பாதி வெலை காலி. பெயிண்ட் அடிச்சா முக்கா வெலை காலி."

"மிச்சம் கால் வெலை இருக்குல்ல?"

"அது இந்த ஒயர்ல போச்சு."

தியாகராசன் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. அம்சம் இரண்டு லட்சத்தைப் பிரஷ்ஷால் தடவித் தீர்த்துவிட்டாள் என்று டீக்கடையில் பேச்சு. பால் வாங்கப் போனால், "அம்சக்கா, எங்க வீட்டுப் பக்கம் வந்துராத, பீரோ வெலை கொறைஞ்சுரும்" என்கிறார்கள். நூறு நாள் வேலையில் மண் அள்ளுகிற இடத்திலும் அதே சிரிப்பு. அம்சமும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்தால் செம்மொழி.

"எதையாவது சும்மா விட மாட்டியாம்மா நீ? ஒரு சாமான அது இருக்குற மாதிரி இருக்க விட்டா ஒனக்கு என்ன கொறைஞ்சு போவுது? பெயிண்ட்டு மிஞ்சுச்சுன்னு ரெண்டு லட்சத்த அழிச்சவங்க இந்த உலகத்துலயே நீ ஒருத்திதான்."

அம்சத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஏன் அடித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செம்மொழியின் வாய் மூடிக்கொள்ளும். ஆனால் அந்த ஒரு வார்த்தை சாமிதுரையின் மேல் அல்லவா விழும்? வெறும் நாற்காலியைக் கண்டு பயந்தவர் என்று பெற்ற மகளுக்கு முன்னால் அவரை நிறுத்துவதா? அதற்கு நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அம்சம் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். உருவிய வேகத்தில் காம்பும் சேர்ந்து சட்டிக்குப் போனது.

தியாகராசன் விடவில்லை. கமருன்னிஸாவிடம் யோசனை கேட்டிருக்கிறார். பெயிண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, சுரண்டி எடுத்தால், அடியில் பழைய பாலிஷ் கெடாமல் இருந்தாலும் இருக்குமாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை லட்சத்துக்குக் கூடப் போகுமாம். நாற்காலியின் ஒரு கையை மட்டும் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டு அனுப்பினார்.

செம்மொழி துள்ளினாள். "பார்க்கட்டும்மா. போன மானமாவது திரும்பி வரும்."

சாமிதுரையிடம் கேட்டார்கள். "ஒங்கம்மா இஷ்டம்" என்றார். அவர் அதில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்சம் அந்த முகத்தையே பார்த்தாள். பெயிண்ட் போனால் கறுப்பு வரும். கறுப்பு வந்தால் இவர் எழுந்துவிடுவார். இத்தனை வருஷம் உட்கார்ந்த மனுஷர் மறுபடியும் எழுந்து நிற்பதைப் பார்ப்பதற்கா நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லக் காரணம் கேட்பார்களே, என்ன காரணம் சொல்வாள்? "சரி, ஒரு கை மட்டும்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கமருன்னிஸா வந்தார். கையில் உறை மாட்டிக்கொண்டு, நாற்காலியின் இடது கை நுனியில் ஏதோ ஒரு மருந்தைத் தடவி, துணி போட்டு மூடி வைத்தார். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மழமழப்பான ஒரு கட்டையால் வழித்து வழித்து எடுத்தார். பச்சை போனது, ரோஸ் வந்தது. ரோஸ் போனது, ஆரஞ்சு வந்தது. மஞ்சள், வயலெட், காவி, மறுபடி பச்சை.

"யா அல்லா, வெங்காயம் உரிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார் கமருன்னிஸா. கண்ணில் தண்ணீர் வந்ததும் அதே மாதிரிதான், மருந்து நெடி.

தியாகராசன் குனிந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் நீலம் வந்தது. அம்சம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். நீலமும் வழிந்தது.

"வந்துருச்சு!" என்றார் கமருன்னிஸா. குரலே மாறிவிட்டது. "பழைய பாலிஷ் அப்படியே இருக்கு. அக்கா, ஒங்க பெயிண்ட்டு ஒரு கெடுதியும் பண்ணல, போர்வை மாதிரி மூடித்தான் வச்சிருக்கு!"

ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பும் சிவப்புமாய் அது மின்னியது. தியாகராசன் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். செம்மொழி கைதட்டினாள்.

அம்சம் யாரையும் பார்க்கவில்லை, சாமிதுரையை மட்டும் பார்த்தாள். அவர் தூணோரம் நின்றிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை மேலே போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. அவருக்கே தெரியாது. கண் அந்தக் கறுப்பின் மேல்தான் இருந்தது. முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது.

அம்சத்துக்கு உள்ளே ஏதோ அறுந்தது. விடுவிடுவென்று அடுப்படிக்குப் போனாள். அரிவாள்மணையின் பக்கத்தில் தேங்காய் சுரண்டுகிற கத்தி கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். அந்தக் கறுப்பின் மேல் கத்தியை வைத்து இழுத்தாள்.

"அய்யய்யோ அக்கா!" கமருன்னிஸா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். "அதத் தொடாதீங்க! அதுதான் வெலையே! அந்தத் தோலு போச்சுன்னா எல்லாம் போச்சு!"

"போவட்டும்!" என்று கையை உதறினாள் அம்சம். "இந்தத் தோலு எனக்கு வேணாம். மானம் போனாலும் பரவால்ல, ரெண்டு லட்சம் போனாலும் பரவால்ல. இது என் வீட்டுல மினுக்கக் கூடாது!"

இன்னொரு இழுப்பு, இன்னொன்று. செம்மொழி, "அம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு" என்று அலறினாள். கறுப்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. அடியிலிருந்து மரம் எட்டிப் பார்த்தது.

அம்சத்தின் கை நின்றது.

கறுப்பு இல்லை. ரோஸ்வுட்டின் கருங்கோடு ஒன்று கூட இல்லை. ஓரத்தில் வெளிறிய மஞ்சள், நடுவில் செங்காவி. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இருந்தது. எங்கேயோ என்ன, தினம் தினம் பார்த்ததுதான். எத்தனை விறகு பிளந்திருக்கிறாள்.

"ஏங்க" என்றாள். "இங்க வந்து இத என்னன்னு பாருங்க."

சாமிதுரை வந்தார். குனிந்தார். நகத்தால் கீறினார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"பூவரசு" என்றார்.

"என்னது?" என்றார் தியாகராசன்.

"பூவரசுய்யா. மம்பட்டிக்குக் காம்பு போடுவோமே, நம்ம வாய்க்கா கரையில நிக்குதே, அது."

கமருன்னிஸா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அதையும் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஏமாற்றத்தை விட வியப்புதான் அதிகம் இருந்தது.

"பூவரசேதான். அடேங்கப்பா! எந்த ஆசாரி பாலிஷ் போட்டானோ, கை அப்படிக் கை. சாயத்தக் கலந்து, கோடு வரைஞ்சு, ரோஸ்வுட்டாவே ஆக்கியிருக்கான். இத்தனை வருஷ ஏவாரத்துல நானே ஏமாந்திருப்பேன் சார்."

"நீங்க சுரண்டிப் பார்த்திருப்பீங்கல்ல?" என்றார் தியாகராசன் பரிதாபமாக.

"ஒரிஜினல் பாலிஷ எவ சார் சுரண்டுவா? சுரண்டுனா வெலை போயிருமே. இந்தக்கா மட்டும் பெயிண்ட் அடிக்காம விட்டிருந்தாங்கன்னா, நான் ரெண்டு லட்சம் குடுத்து வாங்கி, மூணு லட்சத்துக்கு ஒங்க கிட்ட வித்திருப்பேன். நீங்களும் கண்ணாடிக் கூண்டுல வச்சிருப்பீங்க. காலத்துக்கும் எவனும் தொட்டிருக்க மாட்டான்."

தியாகராசன் தாத்தாவின் போட்டோவை ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தாத்தா! ஊரையே ஏமாத்தியிருக்காரே! மைசூர்லேர்ந்து மரம் வரவழைச்சுச் செஞ்சதுன்னு எங்க கிட்டயே கதை விட்டாரு."

"வெளுத்ததெல்லாம் பாலுமில்ல, கறுத்ததெல்லாம் ரோஸ்வுட்டுமில்ல" என்றாள் அம்சம். கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை.

சாமிதுரை மட்டும் சிரிக்காமல் அந்த மஞ்சளையும் காவியையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல வாய்க்கா கரை மரத்தையெல்லாம் எங்கப்பாதான் வெட்டுவாரு" என்றார் மெதுவாக. "இத வெட்டுனதும் அவராத்தான் இருக்கும். வெட்டிப்புட்டு, அதுக்கு முன்னாடியே கைகட்டிக்கிட்டு நின்னிருக்காரு பாரு." சொல்லச் சொல்ல அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கக்கத்திலிருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார், முகத்தைத் துடைத்தார். உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாதி பச்சையும் ஒரு சாண் மரமுமாய் இருந்த அந்த நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். காலைத் தூக்கி, பெயிண்ட் உரிந்த கையின் மேலேயே போட்டார்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே தம்பி" என்றார் தியாகராசனிடம். "அந்த பிளாஸ்டிக் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போவலாம்."

தியாகராசன் உட்கார்ந்தார். டீ குடித்தார். கிளம்பும்போது அம்சத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இந்தப் பூவரசு விஷயம் ஊர்ல..." என்று இழுத்தார். "நான் ஏன் தம்பி சொல்லப்போறேன்" என்றாள் அம்சம். குட்டியானை தெருமுனை திரும்பவில்லை, பால் வாங்குகிற வீட்டிலிருந்து டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஒரு வாரமாகச் சிரித்தவர்களுக்கு அவள் பதில் சொல்ல வேண்டாமா?

திரும்பி வந்தபோது சாமிதுரை இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. செம்மொழி மருந்துத் துணியையும் பெயிண்ட் சுருளையும் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். கோபமெல்லாம் வடிந்திருந்தது, ஆனால் டீச்சர் ஆயிற்றே, கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

"எல்லாம் சரிம்மா. மொதல்ல எதுக்குத்தான் இதுக்குப் பெயிண்ட் அடிச்ச? அப்ப பளபளன்னு நல்லாத்தான இருந்திருக்கும்?"

அம்சம் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தாள். "மாட்டுக் கொம்புக்கு வாங்குனது மிஞ்சுச்சுடி, வீணாப் போவுதேன்னு..."

"நான் உக்காரட்டும்னுதான் அடிச்சா" என்றார் சாமிதுரை.

ரேடியோவைத் திருகிக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார். அம்சம் திரும்பிப் பார்த்தாள். செம்மொழி துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

"அதுல உக்கார எனக்கு ஒடம்பு கூசுச்சும்மா. ஒங்கம்மா கேக்கல, நானும் சொல்லல. முருகையன் வீட்டுல மிஞ்சுன பெயிண்ட்டுன்னு சொல்லி இத அடிச்சு வச்சா. முருகையன் அந்த வருஷம் மாட்டுக்குச் செவப்புல்ல அடிச்சிருந்தான். இவ கொண்டாந்தது நீலம்."

இருபத்தேழு வருஷமாக அம்சம் அவருக்குத் தெரியக் கூடாது என்று கதவுக்கும் ஜன்னலுக்கும் கோழிக் கூண்டுக்கும் அடித்துக்கொண்டிருந்தாளே, அத்தனையையும் இந்த மனுஷன் தெரிந்தே பார்த்துக்கொண்டு சாய்ந்திருந்திருக்கிறார். திட்டலாம் போல இருந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது.

"தெரிஞ்சுக்கிட்டா இத்தன வருஷமும் சும்மா இருந்தீங்க?" என்றாள்.

"நீதான் அவ்வளவு ஆசையா அடிச்சிக்கிட்டு இருந்தியே" என்றார் சாமிதுரை.